பிரசவ அறையில் ஒத்திகை

தெருக்கோடியில் இருந்த பிரசவ ஆஸ்பத்திரியை மூடியபோது யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. அரசாங்கம் கடல் தாண்டி எங்கோ கடன் வாங்கியிருந்தது. கடன் கொடுத்தவர்கள், அடைக்கும்வரை வீட்டுச் செலவைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அரசாங்கம் தன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்தது. விருந்தினர் மாளிகைகளைப் பார்த்தது, கார்களைப் பார்த்தது, அமைச்சர்களின் வெளிநாட்டுப் பயணங்களைப் பார்த்தது. கடைசியில் நாலு கட்டில் போட்ட அந்த ஆஸ்பத்திரிதான் வீண் செலவு என்று கண்டுபிடித்துப் பூட்டிவிட்டது.

அங்கே பிரசவம் பார்த்துவந்த நர்ஸம்மாவை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் இனிமேல் பாலம் தாண்டி, ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பாலத்தில் எப்போதும் நெரிசல். வலி வந்தவள் வந்த இடத்திலேயே நிற்கவேண்டியதுதான்.

பூட்டு அதிக நாள் தொங்கவில்லை. ஒருநாள் காலையில் கட்டடத்துக்கு வெள்ளையடித்து, பழைய பலகை இருந்த இடத்தில் அதைவிடப் பெரிய பலகை மாட்டினார்கள். ‘உலகப் பொருளாதார நீதிக்கான மக்கள் அரங்கு’ என்று அதில் எழுதியிருந்தது. உலகம், நீதி, மக்கள் மூன்றும் ஒரே பலகையில் இருந்ததால் தெருவில் எல்லோரும் நின்று படித்துவிட்டுப் போனார்கள்.

அந்தத் தெருவில் ஃபியூஸ் போனால் கூப்பிடும் ஆளுக்குக் கரண்டுக்காரர் என்று பெயர். அவருடைய கல்யாணப் பத்திரிகையில் வேறு பெயர் போட்டிருந்தார்கள். அது பத்திரிகையோடு போயிற்று. மேடை விளக்கு மாட்டவேண்டும் என்று மக்கள் அரங்கிலிருந்து அவருக்கு ஆள் வந்தது. ஏணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவர், பிரசவ அறையின் வாசலில் நின்றுவிட்டார். கட்டில்கள் இல்லை. ஓடு பதித்த சுவரில் கறுப்புத் துணி தொங்கியது. கை கழுவும் தொட்டியில் ஒரு செடி வைத்திருந்தார்கள்.

“செருப்பக் கழட்டிட்டு வாங்க” என்றார் அரங்கின் இயக்குநர். கழுத்தில் எந்நேரமும் ஒரு பருத்திச் சால்வை, குரலில் எந்நேரமும் ஒரு இருமலுக்கு முந்திய கனிவு. “இது புனிதமான இடம். எத்தன பெண்கள் இங்க வலியில கத்தியிருப்பாங்க. அந்தக் கத்தல் இன்னும் சுவத்துல இருக்கு. கேக்குதா?”

கரண்டுக்காரர் காதைக் கொடுத்துப் பார்த்தார். மின்விசிறியில் பேரிங் தேய்ந்திருக்கும் சத்தம் கேட்டது. அதைச் சொன்னார்.

“அதேதான்” என்றார் இயக்குநர், கண்ணை மூடிக்கொண்டு.

நாடகத்தின் கதை என்னவென்று அவரே விளக்கினார். ஏழை நாடுகளின் கழுத்தைப் பணக்கார நாடுகளின் கடன் நெரிக்கிறது. அதனால் ஆஸ்பத்திரிகள் மூடப்படுகின்றன. உதாரணத்துக்கு இந்த ஆஸ்பத்திரி. நாடகம் தெருத்தெருவாகப் போகும், ஊர் ஊராகப் போகும், கடைசியில் கடன் கொடுத்தவர்கள் காதுக்குப் போகும். அவர்கள் மனம் மாறும். கடன் ரத்தாகும். ஆஸ்பத்திரி திறக்கும்.

“திறந்துடுமா சார்?”

“அதுக்குத்தானே நாம இருக்கோம்.”

கரண்டுக்காரருக்கு ‘நாம’ என்ற சொல் பிடித்திருந்தது. அவர் மனைவிக்கு அப்போது ஐந்தாவது மாதம். வேலை முடிந்ததும் அவர் நாடகத்தில் சேர்ந்துவிட்டார்.

சேர்ந்தவுடன் நடிக்க விடவில்லை. முதலில் பயிற்சி. எல்லோரும் வட்டமாக நின்று கண்ணுக்குத் தெரியாத பந்தை ஒருவர்மேல் ஒருவர் எறியவேண்டும். பிடிக்கத் தவறியவர்கள் தாங்கள் எதை இழந்தோம் என்று சொல்லவேண்டும். பிறகு மரமாக நிற்கவேண்டும். பிறகு அந்த மரத்தை வெட்டியவனாக வருத்தப்படவேண்டும். ஒருங்கிணைப்பாளர் என்ற இளம்பெண் ஒவ்வொருவரிடமும் வந்து, “அநீதிய உங்க உடம்புல எங்க உணர்றீங்க?” என்று கேட்டாள். நெஞ்சு என்றார்கள், தொண்டை என்றார்கள். அவரைப்போலவே வந்து சேர்ந்திருந்த நர்ஸம்மா, “எனக்கு வேல இல்ல. அத உடம்புல எங்கன்னு சொல்றது?” என்றாள். கரண்டுக்காரர் யோசித்து, “முட்டியில. ஏணி ஏறி ஏறித் தேஞ்சுபோச்சு” என்றார். ஒருங்கிணைப்பாளர் கண்கலங்கிப்போனாள். மறுவாரம் அரங்கின் செய்தி மலரில் அட்டைப்படமாக அவருடைய முட்டி வந்தது.

வேடம் பிரித்தபோது நர்ஸம்மா முன்னால் வந்து, நர்ஸ் வேடத்தைத் தனக்குத் தரும்படி கேட்டாள். இயக்குநர் அவளை நடக்கச் சொன்னார், நிற்கச் சொன்னார், மேலும் கீழும் பார்த்தார்.

“நர்ஸ் மாதிரி இல்லயே நீங்க.”

“நான் நர்ஸுதான் சார். இந்த ரூம்லதான் பிரசவம் பாத்தேன். இப்படித்தான் நிப்பேன்.”

“அது உண்மையா இருக்கலாம்மா. உண்மை மாதிரி இல்ல.”

நர்ஸ் வேடம் ஒருங்கிணைப்பாளருடைய தோழிக்குப் போனது. கர்ப்பிணி வேடம் ஒருங்கிணைப்பாளருக்கே. நர்ஸம்மாவுக்கு ‘உலகச் சந்தை’ வேடம் கொடுத்தார்கள். வெள்ளித்தாள் ஒட்டிய அங்கியைப் போர்த்திக்கொண்டு தரையில் படுக்கவேண்டும், எழுந்திருக்கவேண்டும், மறுபடி படுக்கவேண்டும். கரண்டுக்காரர் ‘வட்டி’. ஏணி சொந்தமாக வைத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

“வட்டின்னா என்ன பேசணும்?” என்று வீட்டில் மனைவி கேட்டாள். அவள் தையல்காரி. மடியில் துணி இருக்கும்போது யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டாள்.

“பேச்சு இல்ல. காட்சிக்கு ஒரு படி ஏறணும். கடைசியில உச்சியில நின்னு எல்லாரையும் பாத்துச் சிரிக்கணும்.”

“தினமும் பண்றதுதானே. சிரிப்புதான் புதுசு.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “ஆஸ்பத்திரி எப்பத் திறக்குமாம்?”

“கேட்டேன். அப்படிக் கேக்குறது குறுகின பார்வையாம்.”

“எனக்கு இங்க விரிஞ்சுகிட்டே வருதே, அத அவர்கிட்ட சொன்னீங்களா?”

முதல் நாடகம் சந்தைத் திடலில் நடந்தது. ஒருங்கிணைப்பாளர் வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு வலியில் அழகாகச் சுழன்றாள். உலகச் சந்தை எழுந்து விழுந்தது. வட்டி ஏறிக்கொண்டே போனது. பூட்டிய கதவு என்று ஒருவர் கைகளை விரித்து நின்றார். கர்ப்பிணி அவர் காலடியில் விழுந்தவுடன் எல்லோரும் சிலைபோல உறைந்தார்கள். இயக்குநர் மைக்கோடு நடுவே வந்தார்.

“இது பார்த்துட்டுப் போற நாடகம் இல்ல. இது உங்க நாடகம். நீங்களா இருந்தா இந்த இடத்துல என்ன செய்வீங்க?”

கூட்டத்தில் கரண்டுக்காரரின் மச்சான் இருந்தார். மனைவிக்கு அண்ணன். ஆட்டோ ஓட்டுகிறவர். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுதான் மரியாதை என்று நினைக்கிற ஆள்.

“பூட்ட உடைப்பேன் சார்.”

“அருமை. இங்க பூட்டுங்கிறது ஒரு குறியீடு. நீங்க எந்தப் பூட்டச் சொல்றீங்க?”

“ஆஸ்பத்திரிப் பூட்டத்தான். சாவிகூட இப்ப உங்ககிட்டதானே இருக்கு.”

இயக்குநர் மனம்விட்டுச் சிரித்து, அவருக்காகக் கைதட்டச் சொன்னார். ‘மக்கள் தீவிரமாகப் பங்கேற்றனர்’ என்று ஒருங்கிணைப்பாளர் எழுதிக்கொண்டாள். போகும்போது எல்லோருக்கும் மூன்று அட்டைகளை நீட்டினார்கள்: சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம். நாடகம் எப்படி இருந்தது என்று அதில் ஒன்றை எடுத்துப் பெட்டியில் போடவேண்டும். மச்சான் அழும் முகத்தைப் போட்டார். அழும் முகம் என்றால் ஆழமாகப் பாதிக்கப்பட்டார் என்று கணக்கு. சிரிக்கும் முகம் என்றால் நம்பிக்கை பெற்றார். சும்மா இருக்கும் முகம் என்றால் சிந்திக்கத் தொடங்கினார். தோற்பதற்கு அந்தப் பெட்டியில் அட்டையே இல்லை.

ஊர் ஊராகப் போனார்கள். கரண்டுக்காரர் வேலையை விட்டுவிட்டு ஏணியோடு போனார். ஒவ்வொரு ஊரிலும் யாராவது எழுந்து, யாரிடம் போய் மனுக் கொடுப்பது என்று கேட்டார்கள். கேள்வி கேட்கத் தூண்டுவதுதான் கலையின் வேலை, பதில் சொல்வது கலையின் வேலை இல்லை என்று இயக்குநர் ஒவ்வொரு ஊரிலும் சொன்னார்.

கடைசியில் அவர் சொன்னபடியே நடந்தது. கடன் கொடுத்தவர்கள் காதுக்கு நாடகம் போய்விட்டது. அவர்களிடம் காதுக்கென்றே தனிப் பிரிவு இருந்தது. ‘செவிமடுத்தல் பிரிவு’ என்று அதற்குப் பெயர். அங்கிருந்து குழு ஒன்று விமானம் ஏறி வந்து, பிரசவ அறையில் போட்டிருந்த மெத்தை நாற்காலிகளில் உட்கார்ந்து நாடகம் பார்த்தது. நாடகத்தில் கடன் கொடுத்தவர்கள் நாலு காலில் ஊர்ந்து வந்து கர்ப்பிணியின் ரத்தத்தைக் குடிப்பார்கள். குடித்து முடித்ததும் குழு எழுந்து நின்று கைதட்டியது. குழுவின் தலைவி மேடைக்கு வந்து, “எங்களை மிகவும் சங்கடப்படுத்திவிட்டீர்கள். நன்றி” என்றாள். இன்னும் அதிகமாகச் சங்கடப்படுத்துவதற்கு உதவித்தொகை அறிவித்தாள்.

“பாத்தீங்களா” என்றார் இயக்குநர், அன்று மாலைக் கூட்டத்தில். “நாம யார எதிர்த்துப் போராடுறோமோ அவங்களே எழுந்து நின்னு கைதட்டுறாங்க. நம்ம கோபம் எவ்வளவு தரமா இருக்குன்னு இதவிட ஒரு சாட்சி வேணுமா? சாதாரணக் கோபத்துக்கு யாராவது உதவித்தொகை தருவாங்களா?”

“கடன ரத்து பண்றதா சொன்னாங்களா சார்?” என்று கேட்டார் கரண்டுக்காரர்.

“அது வேற பிரிவு. இவங்க கேட்டுக்குற பிரிவு.”

உதவித்தொகையில் பிரசவ அறைக்கு ஏசி வந்தது. மாட்டியது கரண்டுக்காரர்தான்.

இந்தக் காலத்தில் நர்ஸம்மா, வெள்ளித்தாள் அங்கியை மடித்து ஒருங்கிணைப்பாளர் மேசைமேல் வைத்துவிட்டு நாடகத்திலிருந்து நின்றுகொண்டாள். தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு சுகாதார அலுவலகத்துக்குப் போனாள். உட்காரச் சொல்லவில்லை, உட்கார்ந்தார்கள். போகச் சொன்னார்கள், போய்விட்டு மறுநாளும் வந்தார்கள். சுகாதார அதிகாரி தினமும் காலையில் கதவைத் திறந்தால் எதிரே வயிறும் கையுமாகப் பெண்கள். அவர் மலைத்துப்போய், இவர்களைப் பார்ப்பதைவிட மேலிடத்தைப் பார்ப்பது சுலபம் என்று மேலிடத்துக்குப் போய்ச் சண்டை போட்டு வந்தார். ஒரு நாள் ஜீப் தெருவுக்கு வந்தது.

“நர்ஸ் போஸ்ட் திரும்பக் கிடைச்சிருக்கு. டாக்டர் ஒருத்தர் வந்து போவாரு” என்று அதிகாரி தெருவில் நின்றே சொன்னார். “கட்டடம் மட்டும் காலியாகணும். அது நம்ம கட்டடம்தானே.”

கரண்டுக்காரர் முதலில் ஓடியது வீட்டுக்கு இல்லை. மக்கள் அரங்குக்கு. நல்ல செய்தியை இயக்குநரிடம் தானே சொல்லவேண்டும் என்று ஆசை.

“ஜெயிச்சுட்டோம் சார்.”

இயக்குநர் முழுவதும் கேட்டார். அவர் முகம், சாவு வீட்டில் ஆறுதல் சொல்ல வந்தவர் முகம்போல ஆனது. உடனே அவசரக் கூட்டம் கூட்டினார்.

“தோழர்களே, நம்ம மேல ஒரு தாக்குதல் நடந்திருக்கு” என்று தொடங்கினார். “ரொம்ப நுட்பமான தாக்குதல். ஆஸ்பத்திரியத் தரேன்னு வராங்க. யோசிச்சுப் பாருங்க. ஆஸ்பத்திரி வந்தா யாருக்கு லாபம்? இந்த ஒரு தெருவுக்கு. நம்ம நாடகம் உலகத்துக்கானது. மூடின ஆஸ்பத்திரிக்காக ஒரு நாடகம் ஊர் ஊரா போய்க்கிட்டு இருக்கும்போது, அந்த ஆஸ்பத்திரியவே திறந்துட்டா, நாடகத்தோட நிலைமை என்ன? நாம பொய் சொன்ன மாதிரி ஆகிடாதா? முழு நீதி வர்றவரைக்கும் துண்டு நீதிய ஏத்துக்கக்கூடாது. பசிச்சவன் ஒரு வாய் சாப்பிட்டா அவன் போராட்டம் முடிஞ்சுபோகும். அதுதான் அவங்க திட்டம்.”

கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். ஏசி நன்றாக வேலை செய்தது.

“என் வீட்ல இது நிறைமாசம் சார்” என்றார் கரண்டுக்காரர்.

இயக்குநர் அவர் தோளில் கைவைத்தார். “உங்களுக்காகத்தான் எல்லாம். ஆஸ்பத்திரிக்கு இன்னொரு கட்டடம் கேப்போம். இதவிடப் பெருசா. கலையும் இருக்கும், ஆஸ்பத்திரியும் இருக்கும். பாலத்துல ஒரு மனிதச் சங்கிலி போடுறோம். வட்டி இல்லாம சங்கிலியா? வேஷத்தோட வந்துடுங்க.”

அவர் நம்பினார். நம்பாமல் இருப்பதற்கு அவருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. அதே வாரம் அரங்கின் வக்கீல் நீதிமன்றத்துக்குப் போய், கலைக்கு எதிரான ஆக்கிரமிப்பு என்று வாதாடி, அந்தக் கட்டடத்தில் ஆஸ்பத்திரியைத் திறக்கக்கூடாது என்று தடை வாங்கினார். இன்னொரு கட்டடத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மனிதச் சங்கிலி பாலத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நீண்டது. பக்கத்து ஊர்க் கல்லூரிகளிலிருந்து பேருந்து வைத்து ஆட்களைக் கொண்டுவந்திருந்தார்கள். ‘மக்களின் இடம் மக்களுக்கே’ என்று துணியில் எழுதியிருந்தது. மக்கள் என்றால் தான்தான் என்று நினைத்துக்கொண்டு கரண்டுக்காரர் கறுப்புச் சாயம் பூசிய முகத்தோடு நடுப்பாலத்தில் நின்றார். தலைக்குமேல் பறக்கும் கேமரா சுற்றியது. சங்கிலி சாலையின் குறுக்காக வளைந்து வளைந்து, மேலிருந்து பார்த்தால் தராசுபோலத் தெரியும்படி நிறுத்தியிருந்தார்கள். வண்டிகள் இருபுறமும் நின்றுவிட்டன.

ஹாரன் சத்தங்களுக்கு நடுவில் ஒன்றை மட்டும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. மச்சானின் ஆட்டோ ஹாரன், தொண்டை கட்டிய ஹாரன். திரும்பிப் பார்த்தார். மச்சான் ஆட்டோவிலிருந்து இறங்கி, தராசின் ஒரு தட்டுக்கு முன்னால் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

“தம்பி, என் தங்கச்சி உள்ள இருக்கா. வலி வந்துடுச்சு. ரத்தம் போகுது. கொஞ்சம் வழி விடுங்க.”

“சங்கிலி உடைஞ்சா படம் போயிடும் அண்ணே” என்றான் ஒரு மாணவன், பணிவாக. “உறுதிமொழி முடிஞ்சதும் விட்டுடுவோம்.”

கரண்டுக்காரர் இருபுறமும் பிடித்திருந்த கைகளை உதறினார். உதறின இடத்தில் சங்கிலி அறுந்தது. அந்த இடைவெளியில் ஆட்டோவைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார். ஆனால் யாராவது சோர்ந்து விலகினால் இருபக்கத்து ஆட்களும் உடனே கைகோத்து இடைவெளியை நிரப்பவேண்டும் என்று முன்கூட்டியே பயிற்சி கொடுத்திருந்தார்கள். நிரப்பிவிட்டார்கள். அவர் மறுபடி பிரித்தார். மறுபடி சேர்ந்தார்கள். வட்டி வேடம் போட்டவர் சங்கிலியை உடைக்கப் பார்ப்பதும் மக்கள் விடாமல் சேர்வதும் நாடகத்தின் பகுதி என்று எல்லோருக்கும் பட்டது. ஓரத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அவர் பிரிக்கப் பிரிக்கக் கைதட்டல் கூடியது.

ஆட்டோவுக்குள் நர்ஸம்மா இருந்தாள். பின் இருக்கையில், மச்சானின் சட்டையை விரித்து, அவள்தான் பிள்ளையை எடுத்தாள். பெண் குழந்தை. அழுகைச் சத்தம் மைக்கில் விழுந்தது. இயக்குநர் உறுதிமொழியை நிறுத்திவிட்டு, “கேளுங்கள் தோழர்களே, நம் சங்கிலியின் நடுவே ஒரு புதிய குரல்” என்றார். பாலமே ஆர்ப்பரித்தது. உறுதிமொழியை முதலிலிருந்து தொடங்கினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கரண்டுக்காரரை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். முகத்துச் சாயத்தைப் பார்த்து ஒரு நிமிடம் தயங்கினாள்.

“உயிரக் காப்பாத்திட்டோம். ரத்தம் நிக்கல, கர்ப்பப்பைய எடுக்க வேண்டியதாப் போச்சு. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா இது வேண்டியிருக்காது. எங்க நின்னுட்டீங்க?”

“பாலத்துல” என்றார். குழாயடியில் போய் நின்று முகத்தைத் தேய்த்தார். சாயம் போன பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தார். மச்சான் வந்து கையைப் பிடித்து நிறுத்தவேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து படுத்திருந்தவளைப் பார்க்க இயக்குநர் பழங்களோடு வந்தார். கூடவே ஒருங்கிணைப்பாளர், குரல் பதியும் கருவியோடு. கரண்டுக்காரர் வாசலிலேயே மறித்தார்.

“உள்ள வராதீங்க சார்.”

“விடுங்க, வரட்டும்” என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

இயக்குநர் கட்டில் அருகே தரையில் உட்கார்ந்தார். நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்வது அவர் வழக்கம். “அம்மா, உங்க உடம்பு இப்ப வெறும் உடம்பு இல்ல. அது ஒரு சாட்சியம். உலகப் பொருளாதாரம் ஒரு பெண்ணுக்குள்ள எதுவரைக்கும் போகுதுங்கிறதுக்குச் சாட்சியம்.”

“உள்ள ஒண்ணும் இல்ல சார். எடுத்துட்டாங்க.”

இயக்குநர் கண்ணை மூடினார். “இந்த வரி... இத மாத்தவே கூடாது. பதிஞ்சுடுச்சா?” என்று ஒருங்கிணைப்பாளரைக் கேட்டார். பதிந்திருந்தது.

கரண்டுக்காரர் ஒரு அடி முன்னால் வைத்தார். மனைவி அவரைப் பார்க்காமலே கையை உயர்த்தி நிறுத்தினாள். குழந்தையை மறுபக்கம் மாற்றிப் படுக்கவைத்துவிட்டுக் கேட்டாள்.

“நான் என்ன பண்ணணும்?”

“நீங்களா நீங்களே வரணும். மேடையில படுத்திருந்தா போதும். வெளிநாட்டுக் குழு திரும்ப வராங்க.”

“மேடை எங்க? அந்தப் பிரசவ ரூம்லதானே?”

“ஆமாம்மா.”

“கட்டில் இருக்கா?”

“குறியீடா ஒரு நாற்காலி போடுவோம்.”

“நாற்காலியில படுக்க முடியாது. கட்டில நானே கொண்டுவரேன்.”

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். மக்களே மேடைப்பொருளோடு வருவது அவருடைய நீண்டநாள் கனவு.

ஒத்திகை நாளன்று காலையில் மச்சானின் ஆட்டோவும் அவருடைய ஸ்டாண்டு ஆட்டோக்களும் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றின் கூரையிலும் ஒரு கட்டில். தெருப் பெண்கள் மெத்தை, பாய், வாளி, வெந்நீர்ப் பாத்திரம் என்று ஆளுக்கொன்றாகத் தூக்கி வந்தார்கள். கரண்டுக்காரர் மனைவியைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனார். அவள் முதல் கட்டிலில் பிள்ளையோடு படுத்தாள். பக்கத்துக் கட்டில்களில் நிறைமாதக்காரிகள் உட்கார்ந்தார்கள். நர்ஸம்மா வெள்ளை உடுப்பில் வந்து, தொட்டியிலிருந்த செடியை எடுத்து வெளியே வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

“பிரமாதம்” என்றார் இயக்குநர். “என்ன ஒரு உண்மைத்தன்மை. சரி, இங்க நிறுத்திக்கலாம். எல்லாரும் எழுந்திருங்க, பேசலாம்.”

யாரும் எழுந்திருக்கவில்லை.

“அம்மா, காட்சி முடிஞ்சுது. எழுந்திருக்கலாம்.”

“எந்திரிக்க மாட்டேன்” என்றாள் அவள். “இது ஆஸ்பத்திரி. சத்தம் போடாம வெளிய நில்லுங்க.”

கரண்டுக்காரர் ஏணியில் ஏறி மேடை விளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கறுப்புத் துணியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். ஓடு பதித்த சுவர் வெளியே தெரிந்தது.

“நீங்களுமா?” என்றார் இயக்குநர். “உங்கள நான் உருவாக்கினேன். இது கலைமேல நடக்குற வன்முறை.”

“என் பொண்டாட்டி செத்துப்போகப் பாத்தா. நீங்க உறுதிமொழிய முதல்லேருந்து படிச்சீங்க” என்றார் கரண்டுக்காரர். குரலை உயர்த்தவில்லை. ஏணியிலிருந்து இறங்கி மிக அருகில் வந்து நின்று சொன்னார். “முதல்லேருந்து. நான் கேட்டுக்கிட்டு இருந்தேன். இப்ப நீங்களா வெளிய போறீங்களா, இல்ல அந்த ஏசியோட சேத்து நானே உங்களயும் கழட்டி வெளிய வைக்கட்டுமா?”

இயக்குநர் வெளியே போய்ப் போலீசைக் கூப்பிட்டார். ‘மக்கள் அரங்கில் மக்கள் அத்துமீறி நுழைந்துவிட்டார்கள்’ என்பது அவர் எழுதிக்கொடுத்த புகார். இன்ஸ்பெக்டர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, சுகாதார அதிகாரியைக் கூப்பிட்டனுப்பினார். அதிகாரி வந்து பார்த்தார். நர்ஸம்மா ஒருத்திக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கோர்ட்டுத் தடை இருக்கு. நீங்க ஆஸ்பத்திரியத் திறக்கக்கூடாது” என்றார் இயக்குநர்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “நான் எங்கங்க திறந்தேன்? இது திறந்துல்ல இருக்கு. திறந்திருக்குறத மூடச் சொல்லி உத்தரவு இருந்தா காட்டுங்க.”

அப்படி ஓர் உத்தரவு யாரிடமும் இல்லை. இன்ஸ்பெக்டர் புகாரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் டாக்டர் வந்தார்.

மக்கள் அரங்கு தோற்கவில்லை. அதற்குத் தோற்கத் தெரியாது. அந்த ஆண்டு அறிக்கையின் அட்டையில், கட்டிலில் பிள்ளையோடு படுத்திருக்கும் தையல்காரியின் படம் வந்தது. ‘கலை திறந்த கதவு’ என்று கீழே அச்சிட்டிருந்தார்கள். செவிமடுத்தல் பிரிவு அதற்கு விருது கொடுத்தது. விருதை வாங்கிய இயக்குநர் பேசும்போது அழுதாராம்.

கொஞ்ச நாள் கழித்துக் கரண்டுக்காரருக்கு ஒரு போன் வந்தது. ஏதோ பெண் குரல். அடுத்த பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளக்கு வேலை இருக்கிறது, அளவெடுக்கவேண்டும் என்றது. பள்ளிக்கூடம் என்பதால் ஏணியையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார். வராந்தாவில் பருத்திச் சால்வை நின்றுகொண்டிருந்தது.

“வாங்க, வாங்க. பழசெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க” என்றார் இயக்குநர், உண்மையான அன்போடு. “வேலைன்னா உங்க ஞாபகம்தான். இந்த ரூம்தான் அரங்கு. அந்தக் கரும்பலகை இருக்குற பக்கம் மேடை.”

கரண்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். உள்ளே பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் கரும்பலகையில் வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“பள்ளிக்கூடம் நடக்குதே சார்.”

“இப்ப நடக்குது. சிக்கனப் பட்டியல்ல பேரு வந்துடுச்சு, மூடிடுவாங்க. நமக்கு நல்ல இடத்துலேருந்து தகவல். போன தடவை மூடினப்புறம் வந்ததாலதான் அவ்வளவு குழப்பம். இந்தத் தடவ முன்னாடியே வந்துட்டோம். ‘மூடிய பள்ளி’ன்னு நாடகம்கூட எழுதியாச்சு. ரொம்ப உருக்கமா வந்திருக்கு.” ஜன்னலை எட்டிப் பார்த்தார். “பிள்ளைங்கள கொஞ்ச நேரம் வெளிய அனுப்பச் சொன்னா அளந்துடலாம்.”

கரண்டுக்காரர் கதவைத் தள்ளி உள்ளே போனார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். டீச்சர் சாக்பீஸோடு திரும்பினாள்.

“டீச்சர், நீங்க பாட்டுக்குக் கணக்கப் போடுங்க. நான் வெளிய போனதும் கதவ உள்பக்கமாத் தாழ் போட்டுக்கோங்க.”

“ஏங்க, என்ன ஆச்சு?”

“நாடகம் போட வந்திருக்காங்க.”

டீச்சருக்குப் புரியவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். கரண்டுக்காரர் வெளியே வந்ததும் உள்ளே தாழ் விழுந்தது. ஏணியைக் கதவுக்குக் குறுக்காகக் கிடத்தினார். கருவிப் பெட்டியை வாசலில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்து, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் சேர்ந்து விடை சொல்லும் சத்தம் பலகையில் அதிர்ந்தது.

இயக்குநர் அவரைப் பார்த்தார். இரண்டு அடி பின்னால் போய், தலையைச் சாய்த்து மறுபடி பார்த்தார். சால்வையைச் சரிசெய்துகொண்டே, பின்னால் நின்ற ஒருங்கிணைப்பாளரிடம் கேமராவுக்குக் கைநீட்டினார்.

“அப்படியே இருங்க” என்றார். “அசையாதீங்க. அப்படியே.”

“இருக்கத்தான் சார் போறேன்” என்றார் கரண்டுக்காரர்.